பிள்ளை படிப்பில் பின்தங்குவதை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தடுக்க முடியுமா?

முடியும். ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மதிப்பெண் குறைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிக்கல் தொடங்கிவிடுகிறது. கடலூர்ப் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் இருபத்தாறு ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான்.

2018இல் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பான். ஒருநாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாய் நான்காவது வரிக்குப் போய்விட்டது, விரலோ இரண்டாவது வரியிலேயே நின்றது. "தோணி" என்ற சொல்லை மட்டும் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டேன். பாடத்தின் முதல் வரியிலிருந்து உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடித்தான். அவன் வாசிக்கவே இல்லை. அடுத்தவர் வாசிப்பதைக் கேட்டு முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்திருந்தான். தோணியிலேயே வளர்ந்த பிள்ளை அது.

அவன் அம்மாவிடம் பேசியபோதுதான் காரணம் புரிந்தது. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் வீட்டில் தண்ணீர் புகுந்து, உறவினர் ஊருக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் வகுப்பில் இருந்தவன் பொங்கல் கழித்துத்தான் திரும்பினான். அதற்குள் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எழுத்துகளை வகுப்பு முடித்துவிட்டது. அதன்பின் யாரும் அவனுக்கு அவற்றைச் சொல்லித்தரவில்லை. நானும் ஐந்தாம் வகுப்பு வரை கவனிக்கவில்லை.

தினமும் பிரார்த்தனைக்கு முன் இருபது நிமிடம் உட்கார வைத்தேன். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடவே இல்லை. கெ, கே, கொ, கோ என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். நான்கு மாதத்தில், தடுமாறியாவது புதுப்பக்கம் ஒன்றை வாசித்தான். "மெல்லக் கற்கும் மாணவர்" என்று பட்டியலில் எழுதிவிட்டு நகர்ந்திருந்தால் அவன் கதை வேறாகப் போயிருக்கும்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. அது சரியென்றே நினைக்கிறேன். நிறுத்தி வைத்தால் அவமானம் வருமே தவிர எழுத்து வராது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வாசிக்க வைத்துப் பார்க்காமல் மேலே அனுப்பினால், ஒன்பதாம் வகுப்பில்தான் குட்டு உடையும்.

மற்ற காரணங்களும் உண்டு. கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுபவர்களில் பலருக்குக் கண்ணாடி மட்டும் போதும். பசியோடு வருபவர்களுக்கு முதல் இரண்டு பாடவேளை வீண். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது எனக்குப் பெரிய நிம்மதி. தம்பியைப் பார்த்துக்கொள்ள அடிக்கடி வீட்டில் நிற்கும் பெண் பிள்ளைகளை வருகைப் பதிவேடே காட்டிக்கொடுக்கும். இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள்.

பெற்றோர் இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்னும் நடத்தாத பாடத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தைக் கையால் மறைத்து, விரல் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். திட்டாமல், திருத்தாமல் கேளுங்கள். எந்த எழுத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, நாளைக்கு வகுப்பாசிரியரிடம் அதை மட்டும் சொல்லுங்கள்.