எல்லாருக்கும் ஒரே மென்பொருள் வாங்கலாமா?

மணலி கன்டெய்னர் யார்டில் முதலாளி, கணக்குப் பிரிவு, சூப்பர்வைசர்கள் என 40 பேருக்கும் பவர் பிஐ (தரவை வரைபட அறிக்கைகளாகக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு நாள் யார்டில் நின்று பாருங்கள்.

தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்த்த லாரி அலுவலகத்தில் எல்லாருக்கும் உரிமம் எடுத்தார்கள். கணக்கில் இருந்த இரண்டு பேர்தான் திறந்தார்கள். சூப்பர்வைசர் கிரீஸ் படிந்த கையோடு, உச்சி வெயிலில் போனைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். அவருக்கு எதற்குப் பதினோரு வரைபடம்? இலவச நாள், அதாவது கட்டணமில்லாமல் நிற்கும் நாள், தாண்டிய பெட்டி எத்தனை, எந்த வரிசையில் நிற்கிறது, அவ்வளவுதான். அதைக் காலையில் தானாக மின்னஞ்சலில் போகும்படி வைத்தாலே போதும்.

பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம்தான். ஆனால் அறிக்கையைப் பகிர்ந்தால், நிறுவனத்துக்கு மொத்தமாக வாங்கும் பெரிய கெபாசிட்டி திட்டம் இல்லாதவரை, பார்ப்பவருக்கும் கட்டண உரிமம் வேண்டும். எனவே அதைக் கணக்குப் பிரிவுக்கும் முதலாளிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு மெட்டாபேஸ் என்ற இதேபோன்ற அறிக்கை மென்பொருளின் இலவசப் பதிப்பை உங்கள் சர்வரில் போடலாம். அதைப் பராமரிக்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், கன்டெய்னர் எண்ணைச் சரிபாருங்கள். நான்கு எழுத்து, ஏழு இலக்கம், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. ஒரு தாளில் இடைவெளியோடும் இன்னொன்றில் இல்லாமலும் இருந்தால், ஒரே பெட்டி இரண்டாகக் கணக்காகும். எந்த மென்பொருள் வாங்கினாலும் இந்த வேலை உங்களுடையதுதான். இதை இந்த வாரமே தொடங்குங்கள்.