தேசியத் தொழில் கூட்டமைப்பில் சேரலாமா? கோவைப் பட்டறைக்காரரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் உதிரிபாகங்கள், பெரும்பாலும் ஜாப் ஒர்க், அதாவது பிறர் தரும் சாமானில் கூலிக்கு வேலை. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். உள்ளூர்ச் சங்கம் ஒன்றில் ஏற்கெனவே உறுப்பினர். சென்ற மாதம் ஒரு தேசியத் தொழில் கூட்டமைப்பிலிருந்து வந்து, உறுப்பினராகச் சொன்னார்கள். சந்தா ஏறக்குறைய என் ஒரு மாத கரண்ட் பில். 'நாட்டின் பொருளாதார வளர்ச்சியில் எங்களுக்குப் பங்கு உண்டு' என்கிறார்கள். அப்படி என்ன செய்கிறார்கள்? என்னைப் போன்ற சின்ன ஆளுக்கு அதில் இடம் இருக்கிறதா?

பதில்: இப்போதே பணம் கட்டிவிட வேண்டாம். வந்தவர்களை 'வேண்டாம்' என்று அனுப்பியும் விடாதீர்கள். அவர்களிடம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. அதற்கு முன் இந்த அமைப்புகள் எந்த வேலைக்காக ஏற்பட்டவை என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு சங்கத்தின் வரிக் குழுவில் சில ஆண்டுகள் மனு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1895-ல் கல்கத்தாவில் ஐந்து பொறியியல் நிறுவனங்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கின. அன்றைய ஆங்கிலேய அரசு தனக்கு வேண்டிய இரும்பு, எந்திரச் சாமான்களுக்கான ஆர்டர்களை இங்கிலாந்துக் கம்பெனிகளுக்கே கொடுத்துக்கொண்டிருந்தது. 'இங்கே செய்ய முடிந்ததை இங்கேயே வாங்குங்கள்' என்று கேட்பதற்காகத்தான் அந்தச் சங்கம். பலமுறை பெயர் மாறி, 1992 முதல் அது இந்தியத் தொழில் கூட்டமைப்பு. சிஐஐ என்றால் உங்களுக்குத் தெரியும். இன்னொரு தேசியக் கூட்டமைப்பான ஃபிக்கி, 1927-ல் ஜி.டி. பிர்லாவும் புருஷோத்தம்தாஸ் தாக்குர்தாஸும் முன்னின்று ஏற்படுத்தியது. இவை எதுவும் அரசு அலுவலகம் கிடையாது. உறுப்பினர்களின் சந்தாவும் சேவைக் கட்டணமும்தான் இவற்றின் பலம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பொறியியல் சாமான்களுக்கான ஈஈபிசி போன்ற ஏற்றுமதி வளர்ச்சிக் கழகம் வேறு வகை. மத்திய வணிக அமைச்சகத்தின் ஆதரவில் 1955-ல் வந்தது. நாளைக்கு நீங்களே நேரடியாக ஏற்றுமதி செய்து அரசின் சலுகைகளையும் பெற விரும்பினால், பொறியியல் சாமானுக்கு அங்கே பதிவு வேண்டியிருக்கும். தொழில் கூட்டமைப்பில் சேருவது முழுக்க உங்கள் விருப்பம். சேராவிட்டால் எந்த உரிமமும் நின்றுவிடாது.

சரி, பொருளாதார வளர்ச்சியில் இவர்களுக்கு என்ன பங்கு? உங்கள் தொழிலிலிருந்தே ஒரு உதாரணம் எடுக்கிறேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கோவையின் வெட் கிரைண்டருக்கு 28 சதவீத வரி. புவிசார் குறியீடு வாங்கிய பொருள், ஊர் முழுக்கச் சின்னச் சின்னப் பட்டறைகளில் செய்வது. அதை ஆடம்பரச் சாமானோடு ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். உற்பத்தியாளர்கள் மனு மேல் மனு கொடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் 12 சதவீதம் ஆனது. 2019 செப்டம்பர் 20 அன்று கோவாவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், கல் வைத்த கிரைண்டருக்கு 5 சதவீதம் என்று முடிவு செய்தது. அதே கூட்டத்தில்தான் பொறியியல் துறை ஜாப் ஒர்க்குக்கான வரியும் 18-லிருந்து 12 சதவீதமாக இறங்கியது. அந்த அக்டோபரிலிருந்து உங்கள் பில்லிலும் அது தெரிந்திருக்கும். 2025 செப்டம்பரில் 12 சதவீத அடுக்கையே எடுத்துவிட்டார்கள் என்பதால் இன்றைய விகிதத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் காட்ட வருவது அந்த முடிவு போய்ச் சேர்ந்த பாதையை.

ஜிஎஸ்டி கவுன்சிலில் ஓட்டு என்று வந்தால் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். அதற்கும் முன்னால், மத்திய, மாநில அதிகாரிகள் அடங்கிய ஒரு குழு ஒவ்வொரு வரிக் கோரிக்கையையும் அலசுகிறது. உங்கள் உள்ளூர்ச் சங்கம் எவ்வளவு நல்ல மனு கொடுத்தாலும் அது தமிழ்நாட்டு அமைச்சர் மேசை வரைதான் எளிதாகப் போகும். மற்ற மாநில அதிகாரிகளுக்கு அது கோயம்புத்தூர்க்காரர்களின் கஷ்டம், அவ்வளவுதான். கிரைண்டராவது நம் ஊர்ப் பொருள். ஜாப் ஒர்க் அப்படியில்லை. ராஜ்கோட்டிலும் லூதியானாவிலும் உங்களைப் போலவே லேத் ஓட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களும் அதே வாரத்தில் அதே கணக்கோடு தங்கள் மாநில அரசிடம் கேட்டால் பேச்சின் எடையே மாறிவிடும். அப்படி ஊர்களைக் கோத்துக் கொடுப்பதுதான் தேசிய அமைப்பின் தனி வேலை. டெல்லியில் அமைச்சரோடு எடுக்கும் போட்டோவை வைத்து ஒரு கூட்டமைப்பை எடைபோடாதீர்கள். வேறு ஊர்க்காரரை உங்கள் கோரிக்கைக்குத் துணையாகச் சேர்த்துத் தர முடிகிறதா என்று பாருங்கள்.

மென்பொருள் கம்பெனிகளின் தேசியச் சங்கமான நாஸ்காம் செய்ததும் இந்த வகைதான். 1988-ல் தொடங்கி, திருட்டு சாஃப்ட்வேருக்கு எதிராகவும் பதிப்புரிமைச் சட்டத்தை இறுக்கவும் வாதாடியது.

இரண்டாவது பங்கு வெளியே அதிகம் தெரியாது. எனக்கு அதன் மேல்தான் மதிப்பு அதிகம்: தனி ஆளால் கட்ட முடியாததைப் பத்துப் பேர் சேர்ந்து கட்டுவது. நம் ஊர் சைமா 1933-ல் தொடங்கிய பஞ்சாலைகள் சங்கம். ஒவ்வொரு மில்லும் தனித்தனியே ஆராய்ச்சிக்கூடம் வைக்க முடியாது. ஆலைகள் பங்கு போட, மத்திய அரசும் கைகொடுக்க, 1956-ல் சிட்ரா வந்தது. ஒரு சின்ன மில்லுக்காரர் நூலின் தரத்தை அங்கே சோதித்துக்கொண்டார். தன் மில்லில் கழிவு எவ்வளவு, பக்கத்து மில்களில் எவ்வளவு என்று ஒப்பிட்டும் பார்த்துக்கொண்டார். உங்கள் பம்ப் துறையில் பொறியியல் உற்பத்தியாளர் சங்கமான சீமா முன்னின்று ஏற்படுத்திய சி-டார்க் சோதனைக்கூடமும் இதே வழிதான். பம்ப் கம்பெனிகள் டெஸ்டிங்குக்கு அங்கே போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

தேசிய அளவில் இதற்கு இணையாக நான் சொல்வது தர இயக்கத்தை. ஜப்பானிய நிபுணர் பேராசிரியர் சுடா வழிகாட்ட, 1990-களின் பிற்பாதியிலிருந்து கூட்டமைப்புகள் வாகன உதிரிபாகக் கம்பெனிகளைச் சிறு சிறு குழுக்களாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தன. இதற்கு 'கிளஸ்டர்' என்று பெயர். ஒருவர் பட்டறைக்கு மற்றவர் வந்து பார்ப்பார், ரிஜெக்‌ஷன் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். 1998-ல் சென்னைப் பாடியின் சுந்தரம் கிளேட்டன் தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை இந்தியாவுக்கு முதல்முறையாக வாங்கித் தந்தது. பெரிய கம்பெனி தரத்தை உயர்த்தினால், அதற்குச் சாமான் கொடுக்கிற சின்ன பட்டறையும் உயர்ந்துதான் ஆக வேண்டும். வெளிநாட்டு வாகனக் கம்பெனிகள் நம்மிடம் உதிரிபாகம் வாங்கத் தயங்காமல் வந்ததில் இந்த உழைப்புக்கு நிச்சயம் பங்கு உண்டு. உங்களைச் சேரச் சொன்ன கூட்டமைப்பு கோவையில் இப்படி ஒரு கிளஸ்டர் நடத்துகிறது, அதில் உங்கள் அளவுப் பட்டறைக்கு இடம் தருகிறது என்றால், ஒரு மாத கரண்ட் பில் பெரிய விலையே இல்லை.

இனி, அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள் என்று நான் நினைக்கிறவை.

தேசிய அமைப்பில் உங்களுக்குப் பாக்கி வைத்திருப்பவரும் உறுப்பினர். அவர் கட்டும் சந்தா உங்களுடையதைப் போலப் பல மடங்கு. 2006-ன் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் சிறு தொழிலுக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, கெடு தாண்டிய பாக்கியைக் கொடுக்கிற வரை செலவுக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் 43பி(எச்) சேர்ந்தது. மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் பதிவு செய்துகொண்ட குறு, சிறு உற்பத்தியாளருக்கு இவை நல்ல கேடயம். இந்தக் கெடுவைக் கறாராக நடைமுறைப்படுத்தச் சொல்லி, வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே மேசையில் இருக்கிற அமைப்பு எவ்வளவு உரக்கப் பேசும்? சில அமைப்புகள் நேர்மையாகப் பேசுகின்றன. சிலவற்றில் இந்தப் பேச்சே எழாது. பேமெண்ட் தாமதம் பற்றி அவர்கள் கடைசியாகக் கொடுத்த மனுவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

கரண்ட் கட்டணமும் அவர்கள் களம் இல்லை. 2022 செப்டம்பர் உயர்வுக்குப் பிறகு தமிழ்நாட்டுச் சிறுதொழில் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து போராடியதால்தான் அடுத்த ஆண்டு உச்சநேரக் கூடுதல் கட்டணம் 25-லிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு உங்கள் உள்ளூர்ச் சங்கமும் மாநிலக் கூட்டமைப்பும்தான் கதி. தேசிய அமைப்பில் சேர்ந்தாலும் உள்ளூர்ச் சந்தாவை நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. எந்தச் சங்கமாக இருந்தாலும், 'எல்லோரும் ஒரே ரேட்டுக்கு நிற்போம்' என்று பேச்சு வந்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். 2012-ல் இந்தியப் போட்டி ஆணையம் சிமென்ட் கம்பெனிகளுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டபோது, கூடிப் பேச மேடை கொடுத்ததாகச் சொல்லி அவர்களின் சங்கத்தையும் விடவில்லை. வழக்கு பல படிகள் ஏறியது வேறு கதை. ஜாப் ஒர்க் ரேட் கட்டுப்படியாகவில்லை என்ற உங்கள் வேதனை நியாயமானது. காஸ்டிங் விலை, கூலி, கரண்ட் எவ்வளவு ஏறியது என்று சங்கம் கணக்கு வெளியிடலாம். ரேட்டை மட்டும் கூடி முடிவு செய்யக் கூடாது.

ஆகவே நான் சொல்லும் வழி இது. முதலில் உங்கள் உள்ளூர்ச் சங்கச் செயலாளரிடம், எந்தெந்தத் தேசிய அமைப்போடு சங்கம் இணைந்திருக்கிறது என்று கேளுங்கள். பல சங்கங்கள் ஏற்கெனவே இணைந்திருக்கின்றன. அப்படியானால் தனிச் சந்தா இல்லாமலே உங்கள் கோரிக்கை மேலே போக வழி இருக்கிறது. அடுத்து, சேரச் சொன்னவர்களின் கோவைக் கூட்டம் ஒன்றுக்கு விருந்தினராகப் போய் வாருங்கள். கமிட்டியில் உங்கள் அளவுப் பட்டறைக்காரர் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் வாய் திறக்கிறார்களா என்று கவனியுங்கள்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரே ஒரு தாள் போதும். உங்கள் பொருளின் எச்எஸ்என் எண் (ஜிஎஸ்டிக்கான பொருள் வகை எண்), மூலப்பொருளுக்குக் கட்டுகிற வரி, பில்லில் போடுகிற வரி, ரீஃபண்ட் எத்தனை மாதமாகத் தேங்கியிருக்கிறது, வேலையாட்கள் எத்தனை பேர். இதே கணக்கு பக்கத்துப் பட்டறைகள் ஐந்தாறிலிருந்தும் கிடைத்தால் இன்னும் நல்லது. 'சிறுதொழில் நசிகிறது' என்று தொடங்கும் மனுக்களை அதிகாரிகள் தினமும் பார்க்கிறார்கள். எண்ணோடு வருகிற தாளைத்தான் கோப்பில் வைக்கிறார்கள் என்பதைப் பலமுறை நேரில் கண்டிருக்கிறேன். மத்திய பட்ஜெட்டுக்கான கோரிக்கைகளைத் தொழில் அமைப்புகள் தீபாவளியை ஒட்டிய மாதங்களில் திரட்டத் தொடங்கிவிடும். ஜனவரியில் கொடுத்தால் காலம் கடந்திருக்கும். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு யார் உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்கிறார்களோ, அடுத்த ஆண்டு அவர்களுக்குச் சந்தா கட்டுங்கள்.