டிசம்பர் அலெக்சாந்திரியாவுக்குக் குடை போதாது

கேள்வி: டிசம்பர் 18 முதல் ஒரு வாரம் எகிப்து போகிறோம். கெய்ரோவில் தங்கிக்கொண்டு 20ஆம் தேதி மட்டும் அலெக்சாந்திரியா போய்வரத் திட்டம். 70 வயது அம்மாவும் வருகிறார். பாலைவன நாடுதானே, ஸ்வெட்டர், மழைக்கோட்டு எல்லாம் சுமக்க வேண்டுமா?

பதில்: சுமந்துதான் ஆக வேண்டும். பாலைவனக் கணக்கு கெய்ரோவுக்குச் சரி. அங்கே ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 25 மில்லிமீட்டர். அலெக்சாந்திரியாவில் ஏறக்குறைய 200. அதுவும் சொற்பம்தான், ஆனால் அநேகமாக அத்தனையும் அக்டோபர் முதல் மார்ச் வரைக்குள், காற்றும் அலையுமாகச் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும்.

அந்த ஊர்க்காரர்கள் இதை ‘நவ்வா’ என்பார்கள். ஐரோப்பாப் பக்கமிருந்து இறங்கும் குளிர்காற்று, இன்னும் சூடு ஆறாத மத்தியதரைக் கடலின் ஈரத்தை அள்ளிவந்து கரையில் கொட்டுகிறது. மீனவர் நாள்காட்டியில் ஒவ்வொரு நவ்வாவுக்கும் பெயர் உண்டு. நவம்பர் நடுவில் ‘மக்னஸா’, அதாவது துடைப்பம். புத்தாண்டை ஒட்டி ‘ஆண்டின் தலை’. மார்ச் கடைசியில் ‘அவ்வா’ வந்துபோனால் பருவம் முடிந்தது. தேதி முன்பின் ஆகும், சில வருடம் ஏமாற்றியும் விடும். என்றாலும் டிசம்பர் 20 வாக்கில் ‘சின்ன ஃபைதா’ என்று ஒன்று இருக்கிறது. ஃபைதா என்றால் வெள்ளப்பெருக்கு. நீங்கள் குறித்திருப்பது அதே நாள்!

ஊரின் இருப்பிடம் வேறு சங்கடம். வடக்கே கடல், தெற்கே மரியூத் ஏரி, நடுவில் ஒடுங்கிய நிலப்பட்டை. ஏரியின் நீர்மட்டம் கடலைவிடச் சுமார் 3 மீட்டர் தாழ்வு. பம்பு வைத்து இறைத்துத்தான் தண்ணீரைக் கடலில் விடுகிறார்கள். அதனால் பெருமழை பெய்தால் தெருக்களில் தேங்கிவிடும். 2015 அக்டோபர் வெள்ளத்தில் உயிர்ச்சேதமே ஏற்பட்டது.

எனவே ஒரு நாளை மட்டும் நம்பாமல் அங்கே இரண்டு இரவு தங்குங்கள். காற்று அடங்கிய காலையில் முதல் வேலையாக கைத்பே கோட்டைக்குப் போய்விடுங்கள். பழைய கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் 1477இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. அந்த இடம் ஒருகாலத்தில் ஃபாரோஸ் என்ற தீவு. கரையோடு சேர்க்கப் போட்ட பாலத்தின் இருபுறமும் மணல் சேர்ந்து, இன்று அதன் மேலேயே ஒரு பேட்டை இருக்கிறது. கோட்டை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் காற்றுக்கு மறைவே கிடையாது. மழை நாளை 2002இல் திறந்த பெரிய நூலகத்துக்கும், 2023இல் மீண்டும் திறந்த கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் 18, 19 டிகிரி, இரவில் 10 என்று படித்தால் பயமாக இருக்காது. ஈரக்காற்று சேரும்போதுதான் எலும்பில் ஏறும். பழைய கட்டடங்களில் பல அறைகளில் ஹீட்டரும் இருக்காது. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கடல் பார்த்த அறை அம்மாவுக்கு வேண்டாம், இரண்டு தெரு உள்ளே போடுங்கள். குடை ஒரே வீச்சில் மல்லாந்துவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு, கம்பளி, நனையாத ஷூ, மாற்றுக் காலுறை போதும். கெய்ரோவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். மழை நாளில் காரைவிட அதுவே நிம்மதி.