பூக்கடைக் கணக்கில் எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: கேம்பல் லேனில் பூக்கடை வைத்திருக்கிறேன். தினமும் எத்தனை முழம் மல்லிகை விற்கும் என்று என் மகன் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் கணித்துத் தருகிறான். 2025 ஜனவரி முதல் தீபாவளி வரை விற்றதைக் கொடுத்துவிட்டு, அடுத்த 28 நாளைச் சோதனைக்கு ஒதுக்கியிருக்கிறான். மென்பொருள் காட்டும் பிழைப் பட்டியலில், ட்ரெயினிங் வரியில் எம்ஏஇ 6.8, எம்ஏஎஸ்இ 0.62; எம்ஏபிஇ இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்ஃப்’ என்று வருகிறது. டெஸ்ட் வரியில் எம்இ −11, எம்ஏஇ 14, ஆர்எம்எஸ்இ 19, எம்ஏஎஸ்இ 1.27. “முதல் வரி நன்றாகத்தானே இருக்கிறது” என்கிறான். எனக்கோ பூ மிஞ்சிக்கொண்டே இருக்கிறது. யார் சொல்வது சரி?
– வாசகி, லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி, அம்மா. முதல் வரி, மென்பொருள் ஏற்கெனவே பார்த்துப் பழகிய நாள்களின் பிழை. விடையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய பரீட்சை மாதிரி. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியபோது, அந்த வரியைத் தாளால் மறைத்துக்கொண்டு படிக்கச் சொல்வேன்.

டெஸ்ட் வரியில் எம்இ, எம்ஏஇ இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். விற்றதிலிருந்து கணித்ததைக் கழித்து வருவதுதான் பிழை; எம்இ அதன் சராசரி. அதனால் மைனஸ் வந்தால் கணிப்பு கூடிப்போயிற்று என்று அர்த்தம். எம்ஏஇயும் சராசரிதான்; ஆனால் கணிப்பு கூடினாலும் குறைந்தாலும் பிழையின் அளவை மட்டும் எடுக்கும். சராசரி அளவு 14, அதில் ஒரே பக்கச் சாய்வு 11. பிரித்துப் பார்த்தால், நாளுக்குச் சராசரியாக 12.5 முழம் கூடுதலாகவும் வெறும் 1.5 முழம் குறைவாகவும் கணித்திருக்கிறது. 28 நாளில் 350 முழம் கூடுதல், 42 முழம் குறைவு. உங்கள் கடையில் வாடும் பூ அதுதான்.

காரணம் தேதியிலேயே இருக்கிறது. 2025இல் தீபாவளி அக்டோபர் 20. கூட்டம் அலைமோதிய வாரங்களோடு பயிற்சி முடிந்து, ஓய்ந்த வாரங்களில் சோதனை தொடங்கியிருக்கிறது. அதற்காகக் கணிப்பில் 11ஐக் கழித்துவிடலாம் என்று மகன் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படிச் செய்தால் புரட்டாசி சனிக்கிழமைகளில் பூ போதாமல் கடை காலியாகிவிடும். பண்டிகைக்கு முந்தைய நாள்கள் எவை என்பதைத் தரவில் தனி நெடுவரிசையாகக் கொடுக்கட்டும். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. தேதியை மட்டும் வைத்து மென்பொருள் அதைப் பிடிக்காது.

‘இன்ஃப்’ பெரிய மர்மம் இல்லை. எம்ஏபிஇ என்பது பிழைச் சதவீதத்தின் சராசரி; ஒவ்வொரு நாளின் பிழையையும் அன்றைய விற்பனையால் வகுக்கிறது. கடை மூடிய நாளில் 0ஆல் வகுத்தால் முடிவிலிதான் வரும். மூடிய நாளை 0 என்று போடாமல் காலியாக விடச் சொல்லுங்கள். தினசரி விற்பனைக்கு இந்தச் சதவீதத்தை நான் எப்போதுமே பரிந்துரைப்பதில்லை. குறைவாகக் கணித்தால் 100 சதவீதத்தைத் தாண்டாது, கூடுதலாகக் கணித்தால் எல்லையே கிடையாது. அதை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுத்தால் கணிப்பு கீழேயே இழுக்கப்படும்.

எம்ஏஎஸ்இயைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். 2006இல் கணிப்பு முறை ஆய்வாளர்களான ஹைண்ட்மனும் கோலரும் முன்வைத்த அளவு இது. ‘போன வெள்ளி விற்றதே இந்த வெள்ளியும் விற்கும்’ என்ற எளிய யூகம் பயிற்சிக் காலத்தில் எவ்வளவு தவறியது என்பதோடு ஒப்பிடுகிறது. உங்களுக்கு அந்தத் தவறு சுமார் 11 முழம்; டெஸ்ட் வரியின் 14ஐ அதால் வகுத்தால் 1.27. ஆனால் 1.27 என்பதாலேயே அந்த யூகம் இந்த 28 நாளில் ஜெயித்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதுவும் தீபாவளி வாரத்தைத்தானே திருப்பிச் சொல்லியிருக்கும். அதே நாள்களுக்கு அந்த யூகத்தையும் போட்டுப் பார்க்கட்டும். ஒன்று முக்கியம்: வாரச் சுழற்சி 7 என்று குறிப்பிட்டிருக்கிறானா? இல்லையென்றால் ஒப்பீடு நேற்றைய விற்பனையோடு நடக்கும். வெள்ளியை வியாழனோடு ஒப்பிட்டு என்ன பயன்?

ஆர்எம்எஸ்இ, பிழைகளின் வர்க்கச் சராசரிக்கு வர்க்கமூலம்; பெரிய பிழைகளுக்குக் கூடுதல் எடை கொடுக்கும். அது எம்ஏஇயைவிட நன்றாகவே பெரிதாக இருப்பதால், சில நாள்களில் பிழை எக்கச்சக்கம். அவை எந்த நாள்கள் என்று தேடுங்கள்.

அப்புறம், பூ சீக்கிரம் தீர்ந்துபோன நாள்களை நேரத்தோடு நோட்டில் குறித்து வையுங்கள். அன்று 50 முழம் விற்றது என்றால் கேட்டு வந்தவர்களுக்கு 50 போதும் என்று ஆகாது. இது மென்பொருளுக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.