வங்குரோத்துக்குப் பிறகு ஒரு கொறொல்லா

வணக்கம் அண்ணா,

நானும் கணவரும் நடத்திய சாப்பாட்டுக் கடை 2021இல் பூட்டுப்பட்டது. கடைக்காக எடுத்த கடனெல்லாம் என் பெயரில். கடைசியில் போன வருடம் வங்குரோத்து அறிவித்தேன். ஒன்பது மாதம் முடிந்து மூன்று கிழமைக்கு முன், கடன்களிலிருந்து விடுவிக்கும் டிஸ்சார்ஜ் கடிதம் வந்தது. எல்லாரும் சந்தோசப்படச் சொல்கிறார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

நான் பி.எஸ்.டபிள்யூ. வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை. முதல் வீடு காலை ஆறரைக்கு. லீஸில் இருந்த எஸ்யூவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இப்போது ஒரு நாளில் நாலு மணித்தியாலம் பஸ்ஸிலேயே போகிறது.

வங்குரோத்து ஆனவர்களுக்கும் கார் தருவோம் என்று விளம்பரம் போடும் ஓர் இடத்துக்குப் போனேன். 18,000 டொலர் கார், 24.99 வீத வட்டி, ஆறு வருடம். “இதை ஒழுங்காக் கட்டினா உங்கட கிரெடிட் திரும்ப வந்திடும் அக்கா” என்றார் அங்கே நின்ற தமிழ்ப் பொடியன். இன்னொரு பக்கம், என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோ அக்கா தன் 2010 கொறொல்லாவை 4,500க்குத் தருகிறேன் என்கிறார். 215,000 கிலோமீற்றர் ஓடியது. “அந்த ஓட்டைக் காரில வந்து மண்டப வாசலில இறங்கப் போறியா?” என்று என் தங்கை கேட்கிறாள். இன்ஷூரன்ஸும் இனி எனக்குக் கூட்டித்தான் கேட்பார்களாம்.

நீங்களும் வங்குரோத்து ஆனதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். எதை எடுக்க?

ஒரு வாசகி, ஸ்காபரோ

அன்புள்ள தங்கைக்கு,

கொறொல்லாவை எடுங்கள். அடியில் கறள் (துரு) இல்லையென்றால் மட்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு அந்தக் கடிதம் 2013 ஐப்பசியில் வந்தது. பீற்சாக் கடை விளம்பரத்தாளுக்கும் மின்சார பில்லுக்கும் நடுவில், தபால்பெட்டிக்குள் கிடந்தது. ஒன்பது மாதமாக ஒவ்வொரு மாதமும் என்ன உழைத்தேன், என்ன செலவழித்தேன் என்று படிவம் நிரப்பி, வங்குரோத்தை நடத்தும் ட்ரஸ்டிக்கு அனுப்பினேன். இரண்டு தடவை கவுன்சலிங் என்று கூப்பிட்டு, கோப்பிக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று என்னைவிடப் பதினைந்து வயது குறைந்த ஒரு பெண் கேட்டாள். அந்த வருட வரிப்பணம் திரும்பி வந்தபோது அதுவும் ட்ரஸ்டிக்கே போனது. இவ்வளவுக்கும் முடிவாக வந்தது ஒரே ஒரு தாள். மேசை லாச்சிக்குள் பாஸ்போட் படங்களோடு போட்டு வைத்தேன். நானும் அழுதேன், ஆனால் அன்றைக்கு அல்ல. இரண்டு மாதம் கழித்து, பெற்றோல் ஸ்ரேசனில் கார்ட் வேலை செய்யாமல் போனபோது. அது கடனட்டைகூட இல்லை, டெபிட். மெஷின் பழுது.

நம் ஆட்கள் இதற்குப் பாவிக்கும் வினைச்சொல்லைக் கவனித்திருப்பீர்கள். “அவர் பாங்க்ரப்சி அடிச்சிட்டார்.” லொத்தர் அடிப்பதும் அதே அடிதான். சொல்லும் குரலில் பாதி இளக்காரம், பாதி பொறாமை. எவ்வளவை அமத்தினான் என்ற கணக்கு அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குரலுக்குப் பதிலாகத்தான் பலர் டிஸ்சார்ஜ் ஆன கையோடு பளபளவென்று ஒரு காரை எடுக்கிறார்கள். என் சிநேகிதர்களில் இரண்டு பேர் இரண்டாம் தரம் ட்ரஸ்டியிடம் போனது அப்படி எடுத்த காரால்தான். இரண்டாம் தரத்துக்கு ஒன்பது மாதம் கிடையாது, ஆகக் குறைந்தது 24 மாதம்.

அந்தப் பொடியன் சொன்ன கணக்கை நான் கடதாசியில் போட்டுப் பார்த்தேன். 18,000 டொலர், 24.99 வீதம், 72 மாதம் என்றால் மாதம் ஏறக்குறைய 485 டொலர். கட்டி முடிக்கும்போது கொடுத்திருப்பது 35,000க்குக் கிட்ட. இதைவிட மோசமான இலக்கம் ஒன்று இருக்கிறது. அதை அவர் சொல்லியிருக்க மாட்டார். மூன்று வருடம் ஒரு மாதம் தவறாமல் கட்டிய பிறகும் 12,000க்கு மேல் கடன் நிற்கும். அதுவரை வட்டிதான் பெரும்பங்கைத் தின்றிருக்கும். அந்த நேரத்தில் வேலை குறைந்தாலோ, யாராவது வந்து இடித்தாலோ, காரின் பெறுமதியைவிடக் கடன் கூட. 2025 ஜனவரியிலிருந்து கனடாவில் பெரும்பாலான கடன்களுக்கு வருட வட்டி 35 வீதத்தைத் தாண்டினால் அது குற்றவியல் சட்டத்தின் கீழ் வரும். உங்களிடம் கேட்டது அதற்குப் பத்துப் படி கீழே, அவ்வளவுதான். பொடியனைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கொமிஷன். அவரும் ஒரு லீஸ் கட்டிக்கொண்டிருப்பார்.

கிரெடிட் திரும்ப வரும் என்றது முழுப் பொய்யும் இல்லை. ஒழுங்காகக் கட்டும் எந்தக் கடனும் உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில் ஏறும். ஆனால் வங்குரோத்துப் பதிவு, டிஸ்சார்ஜ் திகதியிலிருந்து ஆறோ ஏழோ வருடம் அங்கேயே இருக்கும். 485 கட்டினாலும் இருக்கும், கட்டாவிட்டாலும் இருக்கும். நான் செய்தது, 500 டொலரை வங்கியில் வைப்பாக வைத்து அதே தொகைக்கு ஒரு கார்ட் எடுத்தது. அதில் பெற்றோல் மட்டும். பில் வந்த அன்றே முழுதும் கட்டினேன். அந்த மெதுவான வழிக்கு வட்டி ஒரு சதமும் போகவில்லை. கிரெடிட் பதிவுகளை வைத்திருக்கும் ஈக்குவிஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டிலும் உங்கள் அறிக்கையை இலவசமாக எடுத்துப் பாருங்கள். வங்குரோத்தில் சேர்ந்த ஒவ்வொரு கடனுக்கும் நேரே மிகுதி பூச்சியம் என்று இருக்க வேண்டும். என்னுடையதில் ஒன்று பூச்சியம் ஆகவில்லை. டிஸ்சார்ஜ் தாளின் பிரதியை அனுப்பித் திருத்த இரண்டு கடிதம் எழுத வேண்டி வந்தது. லாச்சித் தாளுக்கு வந்த முதல் வேலை அது.

இன்ஷூரன்ஸ் பற்றி உங்களுக்குச் சொன்னவர் பிழையாகச் சொல்லியிருக்கிறார். நம் ஒன்ராறியோ மாகாணத்தில் வாகனக் காப்புறுதிக்கு உங்கள் கிரெடிட்டைப் பார்த்து விலை வைக்கக் கூடாது. ஸ்காபரோ விலாசத்துக்காகக் கூட்டுவார்கள், அது வேறு அநியாயம். மாதக் கட்டணம் தவறி அவர்களே ஒப்பந்தத்தை ரத்துச் செய்தால் அடுத்த கம்பனி அதைத் துருவிக் கேட்கும். ஆகவே அந்தக் கட்டணம் மட்டும் வாடகைக்கு அடுத்த இடத்தில் இருக்கட்டும். 4,500 டொலர் காருக்கு மோதல் காப்புறுதி தேவையில்லை என்பது என் கட்சி. மற்றவருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்புறுதியில் கை வைக்காதீர்கள். குளிர்கால ரயர் போட்டால் கழிவு தர வேண்டும் என்று 2016இலிருந்து விதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். வேலைக்காக வீடு வீடாக ஓடுவதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விபத்து நடந்த பிறகு அதைச் சொல்வது நல்லதல்ல.

இனி மண்டப வாசல்.

உங்கள் வயது எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர் என்றால் பழைய ஏ40 கார்களை மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் தடை. ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. எங்கள் ஒழுங்கையில் வாடகைக்குக் கார் ஓட்டும் ஒரு ஹயர்காரர் இருந்தார். பழைய சேலைன் போத்தலுக்குள் கொஞ்சம் பெற்றோலைத் தங்கம் மாதிரி வைத்திருப்பார். பொனற்றைத் திறந்து கார்புரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு, ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பின்னால் வெள்ளைப் புகை எழும்பும். அந்தக் காரில்தான் என் பெரியக்கா மணவறைக்குப் போனா. அதே காரில்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அந்தக் கார் எங்களைவிட வயது கூடியது. ஒருவரும் அதை ஓட்டைக் கார் என்று சொல்லி நான் கேட்கவில்லை. வந்து நின்றதே பெரிய விசயம். அங்கிருந்து வந்த நாங்கள்தான் இங்கே பார்க்கிங் லொட்டில் காரின் வருடத்தைப் பார்க்கிறோம். உங்கள் தங்கையிடம் கோபிக்க வேண்டாம். மண்டபத்தில் பார்க்கிங் பின்பக்கம்தானே இருக்கும்? முகப்பு வாசலில் இறங்குகிற ஆசையை விட்டால் பிரச்சினை முடிந்தது.

பழைய காரை நான் புகழப் போவதில்லை. அது காசு கேட்கும், அதுவும் கேட்கக் கூடாத நேரத்தில். என் காரின் சைலென்சர் ஒரு மாசி மாத விடியலில் மார்க்கம் றோட்டில் கழன்று விழுந்தது. கையுறையோடு குனிந்து அதைக் கோட் ஹங்கர் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் மெதுவாக்கிப் போன காரில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்று. நிற்பாட்டவில்லை. அதற்குப் பிறகு நான் காருக்கென்று ஓர் என்வலப் வைத்தேன். மாதம் 200 டொலர், கார் ஓடினாலும் பழுதானாலும் அதற்குள் போகும். அந்த 485ஐ நினைத்துக்கொண்டு போட்டால் 200 வலிக்காது. ரயர், பற்றரி, பிறேக் எல்லாம் அதிலிருந்துதான். ஐந்து வருடத்தில் இரண்டு தடவைதான் என்வலப் வெறுமையானது. டாஷ்போட்டுக்குள் ஒரு கொப்பியும் வையுங்கள். ஓயில் மாற்றிய திகதி, கிலோமீற்றர், கொடுத்த காசு. விற்கும்போது அந்தக் கொப்பிக்கே ஒருவர் 300 டொலர் கூடத் தந்தார்.

கறளுக்கு வருகிறேன். ரொறன்ரோவில் காரைக் கொல்வது எஞ்சின் அல்ல, றோட்டில் கொட்டும் உப்பு. நான் முதலில் எடுக்க நினைத்தது ஒரு சிவிக் கார். மினுக்கி வைத்திருந்தார்கள், உள்ளே வாசம்கூட நன்றாக இருந்தது. காசு சேர்ட் பொக்கற்றுக்குள். எனக்குத் தெரிந்த கராச்காரர், தூக்கிப் பார்க்காமல் குடுக்காதேங்கோ என்றார். காரை மேலே தூக்கினோம். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் ஸ்குறூ ட்ரைவரின் பிடியால் தட்டினார். பிறகு முனையால் குத்தினார். பப்படம் மாதிரிப் போனது. கறளின் மேல் கறுப்புத் தார் பூசியிருந்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அவர் என்னிடம் காசும் வாங்கவில்லை. நீங்கள் கட்டாயம் கொடுங்கள், 100, 150 டொலர் கேட்பார்கள், அது நல்ல செலவு. கதவின் விளிம்பு, பின் சில்லைத் தாங்கும் சட்டம், பிறேக் குழாய், இந்த மூன்றிலும் அவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘சேஃப்டி’ என்ற பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அந்தச் சான்றிதழ் 36 நாளுக்குத்தான் செல்லும், பார்த்த அன்றைய நிலையைத்தான் அது சொல்லும்.

பாவித்த வாகனத் தகவல் பொதியை விற்பவர்தான் எடுத்துத் தர வேண்டும். 20 டொலர். அந்த அக்கா நல்லவராகவே இருக்கட்டும், கேளுங்கள். காரின் பேரில் யாருக்காவது கடன் நிற்கிறதா என்று அதில் இருக்கும். கடன் நின்றால் அது காரோடு உங்களிடம் வரும், நமக்கு இனி அந்த விளையாட்டு வேண்டாம். பெயர் மாற்றும்போது 13 வீத வரி. நீங்கள் கொடுத்த விலை, அரசாங்கம் பார்க்கும் மொத்த விற்பனை விலை, இரண்டில் எது கூடவோ அதற்கு. ஆகவே 585 டொலராவது தனியாக வைத்துக்கொண்டு போங்கள். இலையுதிர் காலம் வந்ததும் கறள் பிடிக்காமல் அடியில் ஓயில் அடிக்கக் கொடுங்கள். இரண்டு நாளைக்குச் சொட்டும், வாசலில் கடதாசி மட்டை போட்டு விடலாம்.

நீங்கள் எழுதாத ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். சாப்பாட்டுக் கடை நடத்தியவர்களுக்குச் சீட்டுக் கடன் இல்லாமல் இருந்திருக்காது. சட்டப்படி அதுவும் மற்றக் கடன்களோடு போய்விட்டது. எனக்கு ஓர் அன்ரிக்கு 3,000 டொலர் போனது. தோசை விற்றுச் சேர்த்த காசு. டிஸ்சார்ஜுக்குப் பிறகு விரும்பிக் கொடுப்பதை யாரும் தடுப்பதில்லை. மாதம் 50 டொலர் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் மாதம் வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்தினா. இரண்டாம் மாதம் வாங்கி எண்ணினா. அறுபதாவது மாதம் ஒரு பிளாஸ்ரிக் டப்பா நிறைய மோர்மிளகாய் தந்தா. அதைக் கொண்டு வந்ததும் சிவிக்கை விட்டு நான் எடுத்த பழைய கொறொல்லாதான். 485 கட்டிக்கொண்டிருந்தால் அந்த 50 இருந்திருக்காது.

சனிக்கிழமை பார்க்கப் போவதென்றால் வெள்ளி இரவே அந்த அக்காவுக்குச் சொல்லிவிடுங்கள், நீங்கள் வரும்வரை காரை ஸ்ரார்ட் செய்ய வேண்டாம் என்று. போனதும் முதலில் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள், குளிராக இருக்க வேண்டும். பழைய எஞ்சின் தன் வருத்தங்களையெல்லாம் முதல் பத்து செக்கனில்தான் சொல்லும், சூடாகிவிட்டால் மறைத்துவிடும். ரோச் லைற் ஒன்றும் கொண்டு போங்கள்.

அன்புடன்,
அண்ணா