லினக்ஸ், ஜப்பான் இரண்டிலும் பைத்தியம். எதை விடுவது?

கேள்வி: "லினக்ஸ் போல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளிலும் ஜப்பானியப் பண்பாட்டிலும் எனக்கு ஆர்வம் அதிகம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, நேரம்தான் வீண் என்கிறார்கள். எதை விடலாம்?"

இரண்டையும் விடாதீர்கள். முதலில் அப்படிச் சொன்னவர் யாரென்று பாருங்கள். நீங்கள் வயதைச் சொல்லவில்லை, ஆனால் கல்லூரி இரண்டாம் ஆண்டு என்று என் கணிப்பு. மடிக்கணினியில் விண்டோஸை அழித்துவிட்டு உபுண்டு போட்டிருப்பீர்கள், வைஃபை ஒரு வாரம் வேலை செய்திருக்காது. "பொம்மைப் படம் பார்த்துட்டு ஏதோ உளர்றான்" என்று சித்தப்பா ஒருவர் சொல்லியிருப்பார். எல்லா வீட்டிலும் அந்தச் சித்தப்பா உண்டு.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய புரோகிராமர் இல்லை. ஜப்பானிய மொழித் தகுதித் தேர்விலும் என்2 தான், அதற்கு மேலே உள்ள என்1 ஒருமுறை எழுதி ஊற்றிக்கொண்டது. "இவன் என்ன பெரிய அறிவுரை சொல்ல வந்துட்டான்" என்பவர்கள் தாராளமாக அடுத்த பதிலுக்குப் போகலாம்.

சம்பந்தமில்லை என்கிறார்களே, அங்கிருந்து ஆரம்பிப்போம். சொற்களை மனப்பாடம் செய்ய அங்கி (Anki) என்ற திறமூலச் செயலி வைத்திருப்பீர்கள். அந்தப் பெயரே ஜப்பானிய மொழியில் 'மனப்பாடம்' என்பதுதான். 2006-ல் அதைத் தொடங்கியவர் ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்த ஒரு ஆஸ்திரேலியர். இலவச ஜப்பானிய அகராதிகள் பலவற்றுக்கும் அடியில் கிடப்பது ஜிம் பிரீன் என்ற இன்னொரு ஆஸ்திரேலியர் 1991-ல் தொடங்கிய சொற்கோப்பு. ரூபி என்ற நிரல் மொழியை 1995-ல் வெளியிட்ட மட்சுமோட்டோ யுகிஹிரோ வசிப்பது ஷிமானே மாவட்டத்தின் மட்சுயே என்ற ஏரிக்கரை ஊரில். 2006-ல் அந்த நகராட்சி ரூபியை வைத்தே ஊரை வளர்க்கப் பார்த்து, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு திறமூல ஆய்வகத்தைத் திறந்தது.

இன்னொன்று. கணினித் திரையில் எழுத்துகள் குப்பையாகத் தெரிவதற்கு அவர்களிடம் 'மொஜிபாகே' என்று ஒரு சொல் இருக்கிறது. மொஜி என்றால் எழுத்து, பாகே என்றால் உருமாறுவது. பேயைக் குறிக்கும் 'ஓபாகே'யிலும் அதே பாகேதான். நாமும் திஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் அவதிப்பட்டவர்கள்தான். அவதிக்குப் பெயர் வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இனி என் கதை. 2017-ல் வேலைக்காக டோக்கியோ போனேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர். அதனால் அலுவலகத்தில் முதல் நாளிலிருந்தே நான் "சுந்தராமூருத்தி-சான்" ('சான்' மரியாதைக்குச் சேர்ப்பது). கும்பகோணத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும் மனுஷனைத் தினமும் பத்துப் பேர் டோக்கியோவில் கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கப் பழகவே மூன்று மாதம் ஆனது. வங்கிக் கணக்கு தொடங்கப் போனால் இணையப் படிவத்தில் பெயரை முழு அகலக் கட்டகானாவில் (அயல் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) மட்டும்தான் அடிக்கலாம். அரை அகலத்தில் அடித்தால் சிவப்பு எழுத்தில் திட்டும். அரையை முழுதாக மாற்றுவது ஒரு வரி நிரல், அதை ஏன் வாடிக்கையாளன் தலையில் கட்ட வேண்டும்? கடைசியில் அட்டை வந்தபோது பெயர் பாதியில் நின்றது. சுந்தராமூ. அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், "மிச்சம் எங்கடா?" என்று கேட்டார். சரி, இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. ஆனாலும் இத்தனை வருஷம் கழித்தும் வயிறு எரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். 2019 தொடக்கத்தில் ஒரு சின்னக் கருவி கண்ணில் பட்டது. ஒரு ஜப்பானியர் பொழுதுபோக்காக ரூபியில் எழுதியது. ஒரு சொல்லைக் கொடுத்தால் ஒவ்வோர் எழுத்தாகத் திறந்து காட்டும், முழுதும் தெரிவதற்குள் நாம் ஊகிக்க வேண்டும். அக்கா மகளுக்குத் தமிழ்ச் சொற்கள் பழக்கலாமே என்று 'கொக்கு' கொடுத்தேன். முதலில் 'க' வந்தது. அடுத்த சொடுக்குக்குக் கொம்பும் காலும் மட்டும், நடுவே ஒரு புள்ளிவட்டம். அடுத்ததற்கு இன்னொரு 'க'. அப்புறம் அதன் தலையில் உட்கார வேண்டிய புள்ளி, அதுவும் ஒரு வட்டத்தின் மேல் தனியாக. கொக்கை உரித்துக் கசாப்புக் கடையில் தொங்கவிட்டதுபோல் இருந்தது.

காரணம் எளிது. யூனிகோடில் 'தமிழ்' என்பது ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ரூபியில் 'சார்ஸ்' (chars) என்று கேட்டால் ஐந்தையும் தனித்தனியாகக் கொடுக்கும். 'கிராஃபீம் கிளஸ்டர்ஸ்' என்று கேட்டால்தான் த, மி, ழ் என்று நம் கணக்குப்படி மூன்று வரும். அந்த வசதி 2017 டிசம்பர் 25 அன்று வந்த 2.5 பதிப்பிலேயே இருந்தது. (கிறிஸ்துமஸ் தோறும் புதுப் பதிப்பு விடுவது ரூபிக்காரர்களின் பழக்கம்.) ஆக, ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

உற்சாகத்தில் மொழிபெயர்ப்புக் கருவியைத் துணைக்கு வைத்துக்கொண்டு கருவியை எழுதியவருக்கு நானே எழுதினேன்: "அனாதா நோ புரொகுராமு வா மாச்சிகாத்தே இமாசு." அதாவது, உங்கள் நிரல் தவறாக உள்ளது. மறுநாளே ஒரு வரிப் பதில், சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்று. அப்புறம் இரண்டு வாரம் சத்தமே இல்லை.

அலுவலகத்தில் எனக்கு மூத்தவரான ஒரு அம்மாள் இருந்தார். அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். 'அனாதா' என்றால் பாடப் புத்தகத்தில் 'நீங்கள்' என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் அறிமுகமில்லாதவரை யாரும் அப்படி அழைப்பதில்லை. பெயரோடு 'சான்' சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் 'நீங்கள்' என்ற சொல்லையே விட்டுவிடுவார்கள். மனைவி கணவனைக் கூப்பிடுவதும் இதே சொல்லால்தான். ஆக நான் முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதியிருந்தது ஏறக்குறைய, "என்னங்க, உங்க புரோகிராம் தப்பு."

அவரே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். முதல் வரி, திடீரென்று தொடர்புகொள்வதற்கு மன்னிக்கவும். அடுத்து, கருவியைத் தினமும் பயன்படுத்துகிறேன், நன்றி. மூன்றாவது பத்தியில்தான் பிழையே வந்தது, அதுவும் "என் பக்கத் தவறாகவும் இருக்கலாம்" என்ற முன்னுரையோடு. இத்தனை வளைவு தேவையா என்று எனக்கும் அன்று எரிச்சல்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து எழுதியவனிடம் "தப்பு" என்று மட்டும் சொன்னால் நாமாக இருந்தாலும் திறந்துகூடப் பார்க்க மாட்டோம். நம் ஆட்கள் சிலர் எழுதும் பிழையறிக்கைகளில் "வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்" தவிர வேறொன்றும் இருப்பதில்லை. இதைச் சொன்னால் ஜப்பான்காரனுக்குக் கூஜா தூக்குகிறேன் என்பீர்கள். அவர்களிடமும் குறை உண்டு, மேலே வங்கிக் கதையைப் பாருங்கள்.

இரண்டாம் கடிதத்துக்கு அன்றிரவே பதில் வந்தது. கருவிக்காரருக்குச் சட்டென்று விளங்கிய இடம் சுவாரசியமானது. அவர்கள் எழுத்தில் 'கா'வின் தோளில் இரண்டு சின்னக் கோடு போட்டால் ஒலி கனத்துவிடும். வழக்கமாக அது ஒரே குறிதான், ஆனால் பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரில் அந்தக் கோடுகளைத் தனிக் குறியாகப் பிரித்து வைக்கும். "ஓ, மேக் பிரச்சினைதானா! தமிழில் தினமும் இந்தப் பிரச்சினையா?" என்று எழுதியிருந்தார். தினமும்தான் ஐயா.

ஒற்றை வரி மாறியது. என் பெயரையும், அதாவது அப்பா பெயரை, நன்றிப் பட்டியலில் சேர்த்தார். முழுதாக.

அந்த நவம்பரில் மட்சுயேயில் ஆண்டுதோறும் நடக்கும் ரூபி மாநாட்டுக்குப் போனேன். டோக்கியோவிலிருந்து சன்ரைஸ் இசுமோ என்ற இரவு ரயில். அதில் 'நோபிநோபி' என்று ஒரு வகுப்பு, படுக்கைக் கட்டணம் கிடையாது, கம்பளம் விரித்த தரையில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். ராமேஸ்வரம் வண்டியில் போர்வை விரித்தவனுக்கு அது சொர்க்கம். காலையில் நகாஉமி ஏரி ஜன்னலில் வந்தது, ஊரில் இறங்கியதும் அங்குள்ள ஷிஞ்சி ஏரியில் எடுத்த சின்னச் சிப்பி போட்ட மிசோ சூப் குடித்தேன்.

கருவிக்காரரும் வந்திருந்தார், ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். முதலில் பெயரட்டையை இரு கையாலும் நீட்டினார். அப்புறம் நோட்டை எடுத்து, கொக்கு என்று எழுதிக் காட்டச் சொன்னார். எந்தக் கோடு முதலில் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பழக்குகிறார்கள். நான் வழக்கம்போல் கொம்பிலிருந்து ஆரம்பித்தேன். என் பேனாவைத் தடுத்து நிறுத்தினார்.

"கணினியில் க முதலில், இது பின்னால்தானே இருந்தது?"

"ஆமாம். கையில் எழுதும்போது இது முதலில்."

"சொல்லும்போது?"

"க முதலில்."

தலையைச் சொறிந்தார். முப்பது வருஷமாக எழுதுகிறேன், எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் அதற்குக் கீழே நான்கு முறை எழுதிப் பார்த்தார், நான்கிலும் கொம்பு என்னுடையதைவிட அழகாக வந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜப்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று வாட்ஸப்பில் வருவதை அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஓனோ சுசுமு என்ற அவர்கள் ஊர் அறிஞரே இரண்டுக்கும் உறவு உண்டென்று நிறைய எழுதினார், ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டாலும் நமக்கு லாபம் இருக்கிறது. "நாளைக்கு வருகிறேன் என்று சொன்னார்" என்பதை "அஷிதா குரு தோ இத்தா" என்று சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் வைத்துவிடலாம். 'தோ' நம் 'என்று'. ஆங்கிலத்தில் யோசித்துப் படிப்பவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள், நீங்கள் திணற மாட்டீர்கள்.

அந்தக் கருவியின் சோதனைக் கோப்பில் கொக்கு இன்னும் இருக்கிறது. பக்கத்தில் அவர் ஜப்பானிய மொழியில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: "பறவை. உடைக்க வேண்டாம்."