பழைய ஃபார்ச்சூனரை ஸ்பேசர் வைத்து 2 அங்குலம் உயர்த்தலாமா?

உங்களிடம் 2011ஆம் ஆண்டின் 4x4 ஃபார்ச்சூனர் இருக்கிறது. மலைப்பாதையில் அடி இடிப்பதால் முன்னும் பின்னும் ஸ்பேசர் (ஸ்பிரிங்கின் இருக்கையில் செருகும் தடித்த வளையம்) வைத்து 2 அங்குலம் உயர்த்தலாமா, அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேனியில் சஸ்பென்ஷன் வேலைக்கும் வீல் அலைன்மென்ட்டுக்குமான பட்டறை வைத்திருக்கிறேன். போடிமெட்டுக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் வண்டிகள் இதே கோரிக்கையோடு என்னிடம் வருவதால், நான் அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் எழுதுகிறேன். 2 அங்குலம் வேண்டாம். 1 அங்குலம் அளவில் நிறுத்தினால் இந்த வண்டி தாங்கும். ஆனால் அதற்கும் முன்பாக, வண்டி இப்போது தன் சொந்த உயரத்தில்தான் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பதினைந்து ஆண்டுகளை நெருங்கிய எஸ்யூவியில் ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது இயல்பு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வீல் ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டரின் விளிம்பு வரை நான்கு சக்கரங்களிலும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சக்கரத்தின் அடியிலிருந்து அளந்தால் டயர்த் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் ஹப்பிலிருந்தே அளப்பது நல்லது. ஓட்டுநர் பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்திருப்பதையும், பின்பக்கம் மூன்றாம் வரிசையில் ஆட்களையும் சுமையையும் ஏற்றிப் பழகிய வண்டி காலியாக இருக்கும்போதே குனிந்து நிற்பதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்துபோன ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசரை வைப்பவர் இழந்த உயரத்தை மீட்கிறாரே தவிர, ஸ்பிரிங்கின் தளர்ச்சியைச் சரிசெய்யவில்லை. புதிய ஸ்பிரிங்கும் புதிய ஷாக் அப்சார்பரும் போட்டவுடன் உயரம் கூடி, அடி இடிப்பதே நின்றுவிட்டது என்று ஸ்பேசர் யோசனையைக் கைவிட்டுப் போனவர்கள் உண்டு. எனக்கு அதுதான் மனத்திற்கு நிறைவான முடிவு, ஏனென்றால் அந்த வண்டி வடிவமைத்தவர்கள் நினைத்தபடியே ஓடுகிறது.

அடுத்து, எந்த இடம் இடிக்கிறது என்பதைக் கீழே படுத்துப் பாருங்கள். முதல் தலைமுறை ஃபார்ச்சூனரில் முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்தையும் மேல், கீழ் என இரண்டு ஆர்ம்கள் தாங்கும் இரட்டை விஷ்போன் அமைப்பும், பின்பக்கம் காயில் ஸ்பிரிங் மேல் நிற்கும் முழு அச்சும் உள்ளன. ஸ்பேசர் உயர்த்துவது சேஸியையும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பாடியையும் மட்டுமே. பின் அச்சும், அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கும் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரங்களின் கூடு) சக்கரத்தோடு சேர்ந்தவை. எத்தனை அங்குல ஸ்பேசர் வைத்தாலும் அவை தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. உங்கள் வண்டியில் கல்லில் உரசிய தழும்பு அந்த ஹவுசிங்கில் இருக்கிறது என்றால், ஸ்பேசருக்குச் செலவிடும் பணம் முழுவதும் வீண். அதற்கு டயர்தான் மருந்து. 265/65 ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மிமீ. 265/70 ஆர்17 டயருக்கு அது 803 மிமீ. ஆக, அந்த மாற்றம் அச்சை 13 மிமீ உயர்த்தும். அதற்கு விலையாக வண்டியின் உண்மையான வேகம் மீட்டர் காட்டும் அளவோடு ஒப்பிட ஏறத்தாழ 3 சதவீதம் கூடிப்போகும். மாறாக, தழும்பு முன்பக்க அடித்தகட்டிலோ, குறுக்குச் சட்டத்திலோ, படிக்கட்டிலோ, பின் பம்பரின் அடியிலோ இருந்தால் ஸ்பேசரால் பயன் உண்டு.

இனி முன்பக்கக் கணக்குக்கு வருகிறேன். கவனக்குறைவால் பெரிய சேதம் விளைவது இந்த இடத்தில்தான். இந்த வண்டியில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தொகுதியின் அடிமுனை, லோயர் ஆர்மின் (கீழ் ஆர்ம்) வெளிமுனையில் அல்லாமல் ஏறத்தாழ அதன் நடுப்பகுதியில் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மேலே வைக்கும் ஸ்பேசரின் தடிமன் சக்கரத்தை அடையும்போது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது: 12 மிமீ தடிமன் வைத்தால் 25 மிமீ அளவுக்கு வண்டி உயரும். 2 அங்குலம் உயர வேண்டும் என்று 50 மிமீ தடிமனில் லேத் பட்டறையில் கடைந்து எடுத்துவருபவர்கள் உண்மையில் 4 அங்குலத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். டஸ்டர் போல, ஷாக் தொகுதி நேராகச் சக்கரத் தாங்கியிலேயே பிடிக்கப்பட்ட மேக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டிகளில் ஸ்பேசரின் தடிமனும் உயர்வும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அந்த வண்டிக்காரர் சொன்ன அளவை இந்த வண்டிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்பக்கத்திலும் ஸ்பிரிங் அச்சின்மேல் நேராக நிற்பதால் வைத்த தடிமனே உயரமாக வரும்.

முன்பக்க ஸ்பேசரை வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, தொகுதியின் தலைத்தட்டுக்கும் சேஸியில் உள்ள அதன் இருக்கைக்கும் நடுவில். இதற்கு ஸ்பிரிங்கைப் பிரிக்கத் தேவையில்லை. ஆனால் முழுத் தொகுதியும் கீழே இறங்கிவிடுவதால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பழைய எல்லையைத் தாண்டித் தொங்கும். மேல் ஆர்மையும் சக்கரத் தாங்கியையும் இணைக்கும் பால் ஜாயின்ட்டும், சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டுகளும் தங்களுக்கு வகுக்கப்படாத கோணத்திற்குப் போகும். சக்கரம் முழுவதும் மேலே ஏறும்போதோ, ஷாக்குக்குக் கிடைக்கும் இடம் ஸ்பேசரின் தடிமன் அளவுக்குக் குறைந்துவிடுவதால், சக்கரத்தின் ஏற்றத்தை நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் தடுப்பதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிக்கொள்ளக்கூடும். மற்றொன்று, ஸ்பிரிங்குக்கும் அதன் மேல் தட்டுக்கும் நடுவில் வைப்பது. இதில் ஷாக்கின் நீளமோ சக்கரம் தொங்கும் எல்லையோ மாறுவதில்லை. ஆனால் வண்டி உயர்ந்து நிற்பதால், அந்த நிலையிலிருந்து கீழே தொங்குவதற்கு எஞ்சியிருக்கும் பயணம் குறைகிறது. வேகத்தடையைக் கடந்து சக்கரம் இறங்கும்போது டக்கென்று ஒரு தட்டல் கேட்டால், ஷாக் தன் முழு நீளத்தையும் எட்டிவிட்டது என்று பொருள்.

எந்த வகையாக இருந்தாலும் ஸ்பேசர் புதிய பயணத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள மேல், கீழ்ப் பயணங்களின் பங்கீட்டைத்தான் மாற்றுகிறது. அதனால்தான் உயரத்தைப் பற்றிப் பேச வருபவர்களிடம் நான் பயணத்தைப் பற்றியே பேசுகிறேன். பெரிய உயர்வு உண்மையிலேயே தேவைப்படுகிற தோட்ட வண்டிக்கு, அந்த உயரத்திற்கென நீளம் கணக்கிட்ட ஷாக்கும் ஸ்பிரிங்கும் வாங்குவதுதான் நேர்மையான வழி.

உங்களுடையது 4x4 என்பதில் இன்னொரு கவனமும் தேவை. இந்தத் தலைமுறையின் 4x4 எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் அமைப்புடையது. முன் டிரைவ் ஷாஃப்ட்டுகள் நெடுஞ்சாலையிலும் சுமையோடு சுழல்கின்றன. உயர்த்திய பிறகு அவை கூடுதல் சாய்வில் சுழலும்போது, மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மூட்டு மண்ணைத் தின்னத் தொடங்கும். 1 அங்குலத்தில் இந்தச் சாய்வு பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருக்கிறது. 2 அங்குலத்தில் பழைய பூட்டுகள் நெடுநாள் நீடிப்பதை நான் பார்த்ததில்லை. முன் டிஃபரன்ஷியலைக் கீழே இறக்கும் கட்டைகள் சந்தையில் கிடைக்கின்றன என்றாலும், அடி இடிக்கக் கூடாது என்பதற்காக வண்டியை உயர்த்திவிட்டு அதன் அடியில் உள்ள கனமான பாகத்தை மீண்டும் தாழ்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பின்னாளில் வந்த 4x2 வகையில் முன் டிரைவ் ஷாஃப்ட்டே இல்லாததால் இந்தக் கவலை எழாது.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். தலைத்தட்டு ஸ்பேசரை நல்ல கருவிகளும், சமமான சிமென்ட் தளமும், உடன் ஓர் அனுபவசாலியும் இருந்தால் வீட்டில் மாட்டலாம். சேஸியின் கீழ் ஜாக் ஸ்டாண்ட் கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் கையை விடக் கூடாது. வண்டி பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் கம்பியின் இணைப்பான ஸ்டெபிலைசர் லிங்கை இரண்டு பக்கமும் விடுவித்து, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் கம்பியும் இழுபடாதபடி அவற்றின் பிடிகளைக் கழற்றிக்கொண்டு, மேல் பால் ஜாயின்ட்டைப் பிரித்து, அடியில் உள்ள ஒரு போல்ட்டையும் மேலே உள்ள மூன்று நட்டுகளையும் எடுத்தால் தொகுதி வெளியே வரும். மேலே நடுவில் தெரியும் பெரிய நட்டை மட்டும் தொடாதீர்கள். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் முழுவதையும் அது ஒன்றுதான் பிடித்துவைத்திருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் மாட்டாமல் அதைத் திருகினால் தட்டு தெறித்து உயிரையே எடுத்துவிடும். ஸ்பிரிங்குக்கும் தட்டுக்கும் நடுவில் ஸ்பேசர் வைப்பதாக இருந்தால் அந்த நட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதால், அந்த வகையை வீட்டில் செய்யவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

திருப்பி மாட்டும்போது பெரும்பாலானோர் கவனிக்காத ஒன்று புஷ்களைப் பற்றியது. ஆர்ம்களின் உள்முனையில் உள்ள ரப்பர் புஷ்கள் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கின்றன. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது அவற்றின் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். எனவே அந்தப் புஷ் போல்ட்டுகளை மட்டும் தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலைந்து முறை அழுத்தி விட்டு, அதன் பிறகே சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பால் ஜாயின்ட்டின் நட்டு கழலாமல் தடுக்கும் பழைய காட்டர் பின்னை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் அனைத்து நட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

பின்பக்கம் எளிது. அச்சை ஜாக்கியால் தாங்கிக்கொண்டு ஷாக்கின் அடிப் போல்ட்டை எடுத்து, அச்சை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து வெளியே வரும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஸ்பேசர் வைத்தாலும் ஸ்பிரிங்கின் ரப்பர் இருக்கையைத் தூக்கிப்போடக் கூடாது. அச்சின் சுமையைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டியாக இருந்தால், பாடி உயர்ந்ததும் வண்டி காலியாக இருப்பதாக அந்த வால்வு எடுத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைத்துவிடும். அதன் கம்பியையும் உயர்வுக்கு ஏற்பச் சரிசெய்தாக வேண்டும். ஸ்பேசர் சுமைதாங்கும் திறனைக் கூட்டாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: ஏழு பேர் ஏறினால் முன்பு எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு இப்போதும் அமுங்கும்.

வேலை முடிந்த அன்றே அலைன்மென்ட் பார்க்க வேண்டும், அதற்கு வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போங்கள். உயர்த்தியதும் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மாறும், கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) நேர்ப்பக்கம், அதாவது மேல்முனை வெளியே சாயும்படி நகரும், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்னோக்கிய சாய்வு) குறையும். காஸ்டர் குறைந்த வண்டியில் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் அலைபாயும். குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியில் இதைவிட ஆபத்தான குறை எனக்குத் தெரியவில்லை. இவற்றைச் சரிசெய்வதற்கென லோயர் ஆர்மின் உள்முனையில், திருப்பினால் ஆர்மை நகர்த்தும் கேம் போல்ட்டுகள் இருக்கின்றன. ஆனால் இத்தனை வயதான வண்டியில், அதுவும் கடலோரத்தில் ஓடியதாக இருந்தால், அவை புஷ்ஷின் உள்ளே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஸ்பேசர் வாங்குவதற்கு முன்பே அந்தப் போல்ட்டுகள் அசைகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் போல்ட்டை அறுத்தெடுத்துப் புஷ்ஷையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவு ஸ்பேசரின் விலையைப் பலமடங்கு தாண்டும். முகப்பு விளக்கின் கோணத்தையும் அன்றே இறக்கிவையுங்கள், எதிரே வருபவரின் கண்ணும் நமது பொறுப்புதான்.

சட்ட நிலையையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இந்த மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முயலலாம். எனவே ஸ்பேசரைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டாளரிடமும் எழுத்து மூலம் கேட்டுப் பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் அதே அளவில் புதிதாக மாற்றுவதற்கு இந்தக் கேள்வியே எழாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது, இந்த வாரம் எதையும் வாங்காமல், ஹப்பிலிருந்து ஃபெண்டர் வரையிலான நான்கு அளவுகளையும், அடியில் தழும்பு உள்ள இடத்தின் படத்தையும், கேம் போல்ட் அசைகிறதா என்பதையும் இங்கே பதிலாக இடுங்கள். ஸ்பிரிங் போதுமா, டயர் போதுமா, ஸ்பேசர்தான் வேண்டுமா என்பதை அவற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.